மாசியில் மொட்டை, சித்திரையில் குடை

மாசி மாத நடுப்பகலில் வாகை மரத்தடியில் போய் நின்றால் நிழல் கிடைக்காது, சத்தம்தான் கிடைக்கும். கிளைகளில் இலை ஒன்றுகூட இருக்காது. ஒரு சாண் நீளம், இரண்டு மூன்று விரல் அகலம் என்று வைக்கோல் நிறத்துத் தட்டை நெற்றுகள் நூற்றுக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு நெற்றுக்குள்ளும் 6 முதல் 12 விதைகள் காய்ந்து கழன்று கிடக்கும். லேசாகக் காற்று வீசினால் போதும், மரமே ஒரு கிலுகிலுப்பை ஆகிவிடும்.

கரீபியன் தீவுகளுக்கு இந்த மரம் போய்ச் சேர்ந்தபோது, ஓயாத இந்தச் சலசலப்பைக் கேட்டு அதற்குப் 'பெண்ணின் நாக்கு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெண்கள் வைத்த பெயராக இருக்க முடியாது. தமிழ்ப் புலவர் பெரும்பதுமனாருக்கோ அதே சத்தம் கழைக்கூத்தாடிகளின் பறையொலியாகக் கேட்டது. குறுந்தொகையின் 7ஆம் பாடலில் மூங்கில் அடர்ந்த சுரத்தின் வழியே ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணும் நடந்து போகிறார்கள். எதிரே வருகிறவர்கள் அவர்களைப் பார்த்து இரங்குகிறார்கள். பின்னணியில் காற்று மோதி வாகையின் வெளுத்த நெற்றுகள் ஒலிக்கின்றன. பாட்டில் மாதத்தின் பெயர் இல்லை, தேவையும் இல்லை. நெற்று ஒலிக்கிறதென்றால் இலை உதிர்ந்துவிட்டது. இலை உதிர்ந்துவிட்டதென்றால் வழியில் நிழலும் இல்லை, நீரும் இல்லை. அந்த இருவரும் எப்படிப்பட்ட வெயிலில் நடக்கிறார்கள் என்பதை மரமே சொல்லிவிடுகிறது.

இன்று வீட்டு வாசலிலும் பள்ளி மைதானத்திலும் வாகைக் கன்று நடுகிறவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். ஐப்பசி மழையில் நட்ட கன்று மார்கழி வரை பச்சைப்பசேல் என்று நிற்கும். தை பிறந்ததும் இலை மஞ்சளாகும். மாசியில் வெறும் குச்சி. "பட்டுப்போச்சு" என்று சிலர் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். சிலர் பதறிப்போய்க் காலையும் மாலையும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். செத்துப்போகாத கன்றைப் பிடுங்குவது ஒரு தவறு. தூங்குகிற கன்றைத் தண்ணீரில் மூழ்கடிப்பது இன்னொரு தவறு. வறட்சியைத் தாங்கும் மரத்தை வளர்ப்பதற்கு, அது எந்த மாதத்தில் என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பெயர்க் குழப்பம்

முதலில் எது வாகை என்பதைத் தீர்த்துக்கொள்ளலாம். சாலையோரங்களில் விரிந்து நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை வாகை என்று சொல்பவர்கள் உண்டு. அது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. மஞ்சள் பூக் கொட்டும் இயல்வாகையின் பெயரில் வாகை இருந்தாலும் அது வேறு இனம். கேரளத்தில் வாகை என்று பலர் கைகாட்டுவது செந்நிறக் குல்மோகரை. அதன் தாயகம் மடகாஸ்கர். நெருங்கிய உறவென்று சொல்லத்தக்கவை கருவாகையும் உசிலையும். தலைக்குத் தேய்க்கும் அரப்புப் பொடி உசிலையின் இலைதான்.

தாவரவியலாளர்கள் அல்பீசியா லெபெக் என்று குறிப்பிடுவதே நம் வாகை. இந்தியத் துணைக்கண்டமும் மியான்மரும் அதன் தாயகம். ஆனால் பெயரின் இரண்டு பாதியும் வெளியூர்ச் சரக்கு. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இதே இனத்துப் பட்டு மரம் ஒன்றை இத்தாலிக்குக் கொண்டுவந்த ஃபுளோரன்ஸ் பிரபு ஃபிலிப்போ தெல்யி அல்பீட்ஸியின் குடும்பப் பெயர் முன்பாதி. பின்பாதி, 'லபக்' என்ற அரபுச் சொல். இடைக்கால எகிப்தில் லபக் என்றால் வேறொரு மரம், நம் மகிழ மரத்தின் உறவு. அந்தப் பழைய மரம் எகிப்தில் அருகிப்போக, பெயர் மட்டும் தங்கி, பிற்காலத்தில் வந்து சேர்ந்த வாகையின் மேல் ஏறிக்கொண்டது.

உதிர்ப்பதும் ஒரு வேலை

இலை என்பது மரத்தின் சமையலறை. அதே சமயம் அது மரத்தின் ஒழுகும் குழாயும்கூட. கரியமில வாயுவை உள்ளே இழுக்க இலைத்துளைகளைத் திறந்தாக வேண்டும். திறந்தால் நீராவி வெளியே போகும். வெளியேறும் நீருக்கு ஈடாக வேரிலிருந்து உச்சி வரை மெல்லிய குழாய்களில் தண்ணீர் இழை இழையாக மேலே இழுபடுகிறது. மண்ணில் ஈரம் குறையக் குறைய அந்த இழையின் இழுவிசை ஏறுகிறது. ஒரு கட்டத்தில் இழை அறுந்து குழாய்க்குள் காற்றுக்குமிழி புகுந்துவிடும். அந்தக் குழாய் அதன் பிறகு தண்ணீர் ஏற்றாது. நிறையக் குழாய்கள் இப்படி அடைபட்டால் கிளை காயும். பிறகு மரமே காயும்.

இந்த ஆபத்துக்கு மரங்கள் கண்டுபிடித்த விடைகள் பல. வேம்பு பெரும்பாலான இடங்களில் இலையை வைத்துக்கொண்டே சமாளிக்கிறது. வாகை கடையையே மூடிவிடுகிறது. மூடுவதற்கு முன் கல்லாப்பெட்டியைக் காலி செய்வதுபோல, இலையிலிருக்கும் பச்சையத்தை உடைத்து, இலையின் தழைச்சத்தில் ஒரு பகுதியைத் தண்டுக்குத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. இலை மஞ்சளாவது அதனால்தான். பிறகு காம்பின் அடியில் ஒரு மெல்லிய பிரிபடலம் உருவாகும். எத்திலீன் வாயு அங்குள்ள செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பிடியைத் தளர்த்த, இலை கழன்று விழும். காயத்தின் மேல் தக்கை போன்ற படலம் மூடிக்கொள்ளும்.

இதைவிட வியப்பானது அடுத்து நடப்பது. மழை வந்த பிறகுதான் மரம் தளிர்க்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் வாகை பங்குனிக் கடைசியில், கோடை ஏறிக்கொண்டிருக்கும்போதே, துளி மழை இல்லாமல் தளிர்விடத் தொடங்குகிறது. சித்திரையில் குடை விரித்து, கூடவே பூவும் பூக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வந்தது?

கோஸ்டாரிகாவின் குவானகாஸ்தே பகுதியில் வறண்ட காட்டு மரங்களைப் பல ஆண்டுகள் கவனித்த ரோல்ஃப் போர்ஷெர்ட் 1994இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிகாட்டுகிறது. இலைகளைக் கொட்டியதும் நீர் இழப்பு நின்றுபோகிறது. வேருக்கு எட்டும் ஆழத்தில் மிஞ்சியிருக்கும் ஈரம் மெல்ல மெல்லத் தண்டுக்குள் ஏறி நிரம்புகிறது. மென்மையான மரத்திசு கொண்ட தண்டு ஒரு தொட்டிபோல அதைச் சேமிக்கிறது. தொட்டி நிரம்பிய மரம் மழைக்குக் காத்திராமல் தளிர்க்கும். மொட்டையாக நிற்கும் வாரங்களில் மரம் சும்மா நிற்பதில்லை, தண்ணீர் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

வெயில் உச்சத்துக்குப் போகும் வேளையில் குடை விரிவதால்தான் வாகை நிழல் மரம் என்ற பெயருக்குத் தகுதி பெறுகிறது. அதன் இலை பெரியதாகத் தெரிந்தாலும் உண்மையில் சிறு சிறு சிற்றிலைகளின் அடுக்கு. வெளிச்சத்தை முழுவதும் மறைக்காமல் பொடி பொடியாகச் சல்லடையிட்டு இறக்கும். பொழுது சாய்ந்ததும் சிற்றிலைகள் இணை இணையாக மடிந்துகொள்ளும். சிற்றிலையின் அடியிலுள்ள சிறு முண்டில், பொட்டாசியம் அயனிகள் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து வெளியேறி எதிர்ப்பக்கத்துச் செல்களுக்குள் போகின்றன. அயனி போகும் இடத்துக்குத் தண்ணீரும் போகும். ஒரு பக்கம் உப்பி மறுபக்கம் தளர, இலை மடிகிறது. வாகையின் உறவான பட்டு மரத்தை வைத்து இந்தப் பொட்டாசியக் கணக்கை 1970களில் துலக்கியவர்கள் யேல் பல்கலைக்கழகத்தின் ரூத் சாட்டரும் ஆர்தர் கால்ஸ்டனும். இருட்டறையில் வைத்தாலும் சில நாட்களுக்கு அந்த இலை நேரம் தவறாமல் மூடித் திறக்கும். மரத்துக்குள் கடிகாரம் ஓடுகிறது.

இந்தச் சல்லடை நிழலுக்கு இன்னொரு பலன் உண்டு. ஆலமரத்தடியில் புல் அரிது. வாகையடியில் புல் வளரும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மேய்ச்சல் நிலங்களில் ஆய்வு செய்த லௌரியும் அவரது குழுவினரும் வாகையின் குடைக்கு வெளியே இருந்த புல்லைவிட அதன் அடியில் இருந்த புல் செழித்திருந்ததை 1980களின் இறுதியில் பதிவு செய்தார்கள். வெயிலின் கடுமை குறைவது ஒரு காரணம். உதிரும் இலையும் பூவும் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்ப்பது இன்னொன்று. வாகை அவரைக் குடும்பத்து மரம். அதன் வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கின்றன. ஆடு வளர்ப்பவர்களுக்கு இந்த வேதியியல் தேவையில்லை. வாகைத் தழையை ஒடித்துப் போட்டால் ஆடு எப்படிப் பாயும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

விதையின் பூட்டு

நெற்று சலசலக்கும் காலமே விதை சேகரிக்கும் காலம். மரத்திலிருந்தே பறித்த நெற்று நல்லது. தரையில் நெடுநாள் கிடந்ததில் வண்டு துளைத்திருக்கும். உரித்த விதைகளைத் தண்ணீரில் போட்டு, மிதப்பவற்றைக் கழித்துவிடலாம். பழுப்பு நிறத்தில் தட்டையாக இருக்கும் விதையின் இரு முகத்திலும் லாடம் போன்ற ஒரு கோடு தெரியும். அது இருந்தால் விதை வாகைக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம்.

அப்படியே மண்ணில் ஊன்றினால் சில விதைகள் முளைக்கும். பல விதைகள் மாதக்கணக்கில் கல்லாகக் கிடக்கும். விதையுறையின் வெளிப்புறத்தில் தூண்களை நெருக்கி நிறுத்தியதுபோல் அடுக்கப்பட்ட செல்கள் தண்ணீரை உள்ளே விடுவதில்லை. வறண்ட நிலத்து மரத்துக்கு இது காப்பீடு. ஒரே மழையில் எல்லா விதையும் முளைத்து, அடுத்த மழை பொய்த்தால் ஒரு தலைமுறையே காய்ந்துவிடுமல்லவா?

பூட்டைத் திறக்க இரண்டு எளிய வழிகள் இருக்கின்றன. பத்து இருபது விதைதான் என்றால் நகவெட்டியால் ஓரத்தில் லேசாகக் கீறினால் போதும். முளை கிளம்பும் காம்புத் தழும்புப் பக்கத்தை மட்டும் தொடக்கூடாது. நிறைய விதை என்றால் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, அதில் விதையைப் போட்டு இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். அடுப்பில் வைத்தே கொதிக்கவிட்டால் விதை வெந்துபோகும். காலையில் உப்பியிருப்பவை விதைப்புக்குத் தயார். உப்பாதவற்றுக்கு மறுபடியும் ஒரு முறை வெந்நீர்.

செம்மண், மணல், மட்கிய தொழுஉரம் கலந்த பையில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினால் ஓரிரு வாரத்தில் முளை வெளியே வரும். பை ஆழமாக இருக்க வேண்டும். ஆழமில்லாத பையில் ஆணிவேர் அடியில் முட்டிச் சுருண்டுகொள்ளும். சுருண்ட வேரோடு நட்ட மரம் பத்து ஆண்டு நன்றாக வளர்ந்து, பிறகு ஒரு புயலில் காலை வாரிவிடும். நாற்றுப்பண்ணையில் கன்று வாங்கும்போதும் உயரத்தைப் பார்ப்பதைவிடப் பையின் அடியைப் பார்ப்பது மேல்.

முதல் இரண்டு கோடை

தமிழ்நாட்டு மழையில் ஏறக்குறையப் பாதி வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. ஆகவே புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ நட்டால் மண்ணே கன்றைப் பார்த்துக்கொள்ளும். ஒன்றரை அடி நீள, அகல, ஆழக் குழி போதும். மண் வகையில் வாகைக்குப் பிடிவாதம் கிடையாது. சரளை, கரிசல், ஓரளவு உவர் என எதிலும் வரும். நாள்கணக்கில் தண்ணீர் தேங்கி நிற்கும் பள்ளம் மட்டும் ஆகாது.

இடம்தான் முக்கியம். வாகையின் பக்க வேர்கள் மேல்மண்ணிலேயே நெடுந்தூரம் ஓடும். குடையும் பக்கவாட்டில் விரியும். வீட்டுச் சுவரிலிருந்து 20 அடியாவது தள்ளி, மின்கம்பிக்குக் கீழே வராதபடி நட வேண்டும். வரிசையாக நட்டால் மரத்துக்கு மரம் 30 அடி விடுவது நல்லது. நட்ட அன்றே வேலி. ஆட்டுக்குப் பிடித்த தழை என்பதால் வேலிக்கருவை முள்ளைச் சுற்றிக் கட்டாத வாகைக் கன்று ஒரு வாரம் தாங்காது.

தண்ணீர் விடுவதில் ஒரே ஒரு கொள்கை: அரிதாக, ஆனால் ஆழமாக. தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் மேல்மண் மட்டும் நனையும், வேரும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். வாரத்துக்கு ஒரு முறை வட்டப்பாத்தி நிறைய ஊற்றினால் ஈரம் கீழே இறங்கும். அதைத் தேடி வேரும் இறங்கும். பாத்தியின் மேல் சருகையோ தென்னை மட்டைத் துண்டுகளையோ மூடாக்காகப் போட்டால் ஆவியாவது குறையும். மூடாக்கு தண்டைத் தொடாமல் நான்கு விரல் விலகியிருக்கட்டும்.

இனி மரத்தின் நாட்காட்டி. தை, மாசியில் இலை உதிர்ந்து நிற்கும் கன்றுக்குத் தாகம் குறைவு. பதினைந்து நாளுக்கு ஒரு முறை விட்டால் போதும். பங்குனியில் கணுக்களில் பச்சை முனை தெரிந்ததும் பழையபடி வாரம் ஒரு முறைக்குத் திரும்ப வேண்டும். இளந்தளிருக்கு மெழுகுப்பூச்சு முழுதாக ஏறியிருக்காது. தண்ணீரை அது வேகமாக இழக்கும். கன்றுக்கு ஆண்டிலேயே ஆபத்தான மாதம் மொட்டையாக நிற்கும் மாசியல்ல, பச்சையாகச் சிரிக்கும் சித்திரைதான். தொடர்ந்து தண்ணீர் பெறும் தோட்டத்துக் கன்று இலையை உதிர்க்காமலே ஓர் ஆண்டைக் கடத்திவிடுவதும் உண்டு, அதுவும் நோயல்ல. இரண்டு கோடை இப்படித் தாண்டிவிட்டால் மூன்றாவது ஆண்டிலிருந்து பெரும்பாலான இடங்களில் மரம் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும்.

கவாத்துக்கும் ஏற்றது இலையற்ற காலமே, கிளையமைப்பு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதால். விட்டுவிட்டால் வாகை அடியிலேயே இரண்டு மூன்றாகக் கவைத்துக்கொள்ளும். ஒரு தண்டை மட்டும் தேர்ந்து, ஆள் உயரத்துக்கு மேலே கிளைக்கவிட வேண்டும். உச்சியை மொட்டையடிப்பது கூடாது. வெட்டுவாயிலிருந்து கொத்தாகக் கிளம்பும் கிளைகளுக்குப் பிடிமானம் குறைவு. பிற்காலத்தில் அவைதான் காற்றில் முறிந்து விழும்.

கெய்ரோவில் நடந்தது

வாகையை நிழலுக்காகவே பெருமளவில் நட்டுப் பார்த்த நகரம் கெய்ரோ. 19ஆம் நூற்றாண்டில் அங்கு சாலைகள் அகலமானபோது ஓரங்களில் வாகைகள் எழுந்தன. 1869இல் சூயஸ் கால்வாய்த் திறப்புக்கு வந்த விருந்தினர்களுக்காக அமைக்கப்பட்ட கீசா பிரமிடுச் சாலையும் அப்படி வாகை நிழலில் நீண்டு கிடந்தது. வேகமாக வளரும், பாலைவனத்து வெயிலைத் தாங்கும், நைல் கரை மண்ணுக்குப் பொருந்தும். குறை சொல்ல ஒன்றுமில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பூச்சி வந்தது. செம்பருத்தியைத் தாக்கும் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி. நம்மூர்ப் பட்டு விவசாயிகள் மல்பெரியில் 'துக்ரா' என்று சொல்லும் சுருட்டை நோய்க்குக் காரணமான அதே பூச்சி. வரிசை வரிசையாக ஒரே மரம் நின்றதால் பூச்சிக்கு ஊர்வலம் போகச் சாலை போட்டுக் கொடுத்தது போலாயிற்று. அதன் எச்சில் பட்ட தளிர்கள் முறுக்கிக்கொண்டு கருகின. கெய்ரோவின் வாகைகள் கடுமையாக அடிவாங்கின. மரத்தின் வறட்சித் திறன் அங்கே எந்த உதவிக்கும் வரவில்லை.

நம் தெருக்களில் வாகை நடுகிறவர்கள் இடையிடையே புங்கம், வேம்பு, பூவரசு என்று கலந்து நடுவதற்கு இது போதுமான காரணம். மாசியில் வாகை மொட்டையாக நிற்கும்போது பக்கத்து வேம்பு நிழலைப் பார்த்துக்கொள்ளும் என்பது கூடுதல் வசதி.

இன்னொரு எதிரி மனிதனின் சிமெண்ட். தண்டைச் சுற்றித் தரையை முழுக்கப் பூசிவிட்டால் மேல்மண்ணில் ஓடும் வேர்களுக்குக் காற்றும் நீரும் கிடைக்காது. கால்வாய் தோண்டும்போது ஒரு பக்க வேரை அறுத்துவிட்டால், வெட்டுவாய் வழியே வேரழுகல் காளான் புகும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. வேர் அறுபட்டுச் சிமெண்டில் சிறைப்பட்ட மரம் எந்த இனமாக இருந்தாலும் அப்படிப்பட்ட காற்றில் நிற்பது கடினம். வாகையின் கிளைகளும் பெரும்புயலில் முறிபவைதாம்.

நாடு மாறினால் மரத்தின் நற்பெயரும் மாறும். ஃபுளோரிடாவிலும் பஹாமாஸிலும் வாகையை ஆக்கிரமிப்பு மரம் என்று பட்டியலிட்டிருக்கிறார்கள். அங்கே அது தோட்டத்தைத் தாண்டிக் காட்டுக்குள் புகுந்து, காயம்பட்ட வேரிலிருந்தும் புதுக் கன்றுகளை எழுப்புகிறது. தாயகத்திலோ ஆடும் வண்டும் வறட்சியும் சேர்ந்து அதை அளவோடு வைத்திருக்கின்றன.

இங்கே அதன் கடைசிக் காலமும் வீணாவதில்லை. கறுத்து உறுதியான வயிர மரத்தைக் குடைந்து எண்ணெய்ச் செக்கு செய்வது பழைய வழக்கம். மரச்செக்கு எண்ணெய்க் கடைகள் பெருகியிருக்கும் இந்நாளில் 'வாகை மரச்செக்கு' என்று பலகையில் எழுதியே விற்கிறார்கள். அறுக்கும் தச்சருக்கு மட்டும் அதன் தூள் மூக்கில் ஏறி அடுக்குத் தும்மல் வரும்.

ஐப்பசியில் நட்ட கன்று இப்போது மாசியில் குச்சியாக நிற்கிறதென்றால், பிடுங்குவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. தண்டின் நடுப்பகுதியில் கட்டைவிரல் நகத்தால் பட்டையை ஒரு நெல்லளவு கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே பழுப்பாக, உலர்ந்து இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே கீற வேண்டும். மேல்பகுதி காய்ந்து அடி உயிரோடு இருப்பது வழக்கம். ஈரமாக, பச்சையாக இருந்தால் மூடாக்கைச் சரிசெய்துவிட்டுப் பங்குனி வரை விட்டுவிடலாம்.